சாலையிலும் பலகையிலும்

தங்காக் நகருக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அதன் அடிவாரச் சாலைகளில் வார இறுதிக் காலைகளில் தலைக்கவசம் அணிந்த சைக்கிளோட்டிகள் சிறு சிறு குழுக்களாகச் செல்வதுண்டு. இதே ஊரிலிருந்து வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பயணம் செய்தால் நீலாய் வந்துவிடும். அங்கே 2017ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கட்டப்பட்ட தேசிய வெலோட்ரோம் இருக்கிறது. கூரைக்குக் கீழே மரப்பலகைகளால் அமைந்த, 250 மீட்டர் சுற்றளவு கொண்ட ஓடுபாதை அது. சாலை ஒன்று, பலகை ஒன்று. இரண்டிலும் ஓடுவது சைக்கிள்தான்; ஆனால் விளையாட்டு ஒன்றல்ல.

சாலைப் பந்தயத்துக்கான சைக்கிளில் பல கியர்களும் இரண்டு பிரேக்குகளும் உண்டு. மேட்டில் ஏறும்போது கியரை மாற்றலாம். இறக்கத்தில் மிதிக்காமலேயே உருளலாம். வெலோட்ரோம் சைக்கிளில் பிரேக்கே கிடையாது. கியரும் ஒன்றே ஒன்றுதான். பின்சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழன்றுகொண்டே இருக்கும். கால்களை நிறுத்தி இளைப்பாற வழியில்லை. ஓடுபாதையின் வளைவுகளோ 40 பாகைக்கும் மேல் சாய்ந்து, சுவர்போல் எழுந்து நிற்கும். மெதுவாகப் போனால் சறுக்கிக் கீழே விழ வேண்டியதுதான். புதிதாக அதைப் பார்ப்பவர், ‘இதில் எப்படி ஓட்டுகிறார்கள்?’ என்று வியப்பார். வேகம்தான் ஓட்டுநரைத் தாங்கிப் பிடிக்கிறது.

உடலுக்கும் இரண்டு களங்களும் வெவ்வேறு வேலை கொடுக்கின்றன. சாலைப் பந்தயம் ஒரே நாளில் நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். பெரும் பந்தயங்கள் மூன்று வாரம்வரை தொடரும். அங்கே தேவைப்படுவது நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் ஆற்றல். மெலிந்த உடல் மலையேற உதவும். வெலோட்ரோமில் பல பந்தயங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அங்கே திடீரெனப் பாயும் வலிமை வேண்டும். நம் நாட்டின் அசிசுல்ஹாஸ்னி அவாங் சிறந்து விளங்கும் கெய்ரின் பந்தயத்தில் உண்மையான போர் கடைசி மூன்று சுற்றுகளில், அதாவது 750 மீட்டரில் நடந்து முடிகிறது. இதனால்தான் பெரும்பாலான வீரர்கள் இளமையிலேயே ஒரு களத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் கால் வைப்பவரைப் பார்த்து, எதிலும் முழுமை பெற மாட்டார் என்று சொல்வது சைக்கிளோட்ட உலகில் வழக்கமாகிவிட்டது.

பிரான்சு நாட்டின் பெஞ்சமின் தோமஸ் அந்தத் தேர்வைச் செய்யவில்லை.

அவர் 1995ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் தென்மேற்குப் பிரான்சில் உள்ள லவோர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிரெஞ்சுத் தரைப்படையின் பெயரில் இயங்கிய சாலைப் பந்தயக் குழுவில் ஓடிப் பழகினார். 2018ஆம் ஆண்டு புகழ்பெற்ற எப்டிஜே குழுவில் இணைந்தார். 2022இல் கோபிடிஸ் குழுவுக்கு மாறினார். இவை சாலைப் பந்தயத்துக்காகச் சம்பளம் கொடுக்கும் குழுக்கள். சம்பளம் தருவது சாலை. ஆனால் பலகையில் ஓடுவதை அவர் நிறுத்தவே இல்லை.

பலகையில் அவருடைய பெயரை உலகுக்கு அறிவித்தது ஹாங்காங். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கு நடைபெற்ற உலக வெலோட்ரோம் வெற்றியாளர் போட்டியை மலேசியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அசிசுல்ஹாஸ்னி கெய்ரின் பிரிவில் உலக வெற்றியாளராகி, வானவில் கோடுகள் போட்ட சட்டையை அணிந்தது அங்கேதான். அதே போட்டியில், அதே பலகைகளின்மீது, அப்போது 21 வயதே ஆகியிருந்த தோமஸ் இரண்டு வானவில் சட்டைகளைப் பெற்றார். ஒன்று ஆம்னியம் பிரிவில் தனியாக. மற்றொன்று மேடிசன் பிரிவில் மோர்கன் நீஸ்கியுடன் இணைந்து. மலேசிய வீரர் ஒரே பந்தயத்தைக் கூர்தீட்டிக் கூர்தீட்டி உச்சத்தைத் தொட்டவர். பிரெஞ்சு வீரரின் வழி அதற்கு நேர் எதிரானது. இரண்டு வழிகளும் ஒரே மேடையில் வந்து நின்றன.

மேடிசன் என்ற பெயர் நியூயார்க் நகரின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கத்திலிருந்து வந்தது. அங்கே முற்காலத்தில் ஆறு நாள் தொடர்ந்து சைக்கிளோட்டப் பந்தயங்கள் நடைபெற்றன. இன்றைய மேடிசனில் இருவர் ஓர் அணி. ஒருவர் பந்தயத்தில் இருக்கும்போது மற்றவர் ஓடுபாதையின் மேற்பகுதியில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார். பிறகு ஓடும் வேகத்திலேயே கையைக் கையால் பற்றி, தோழரை முன்னோக்கி வீசி எறிவார். பல அணிகள் ஒரே நேரத்தில் இப்படிச் செய்யும்போது, பார்ப்பவருக்கு யார் முன்னால், யார் பின்னால் என்பதே புரியாது. ஓடுபவருக்குப் புரிய வேண்டும், இல்லையென்றால் தோல்விதான்.

ஆம்னியம் வேறு வகையான சோதனை. இது 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. இப்போது ஒரே நாளில் நான்கு பந்தயங்களாக நடத்தப்படுகிறது. முதலாவது ஸ்கிராட்ச்: எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு 10 கிலோமீட்டர் ஓடி, முதலில் கோட்டைக் கடப்பவர் வெல்வார். இரண்டாவது டெம்போ: தொடக்கச் சில சுற்றுகளுக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் முதலில் வருபவருக்கு ஒரு புள்ளி. மூன்றாவது வெளியேற்றப் பந்தயம்: இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கடைசியில் இருப்பவர் வெளியேற வேண்டும். இம்மூன்றிலும் முதலிடத்துக்கு 40 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 38 என்று இறங்குவரிசையில் வழங்கப்படும். நான்காவது புள்ளிப் பந்தயம். 25 கிலோமீட்டர், அதாவது 100 சுற்று. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை முதலில் வரும் நால்வருக்கு 5, 3, 2, 1 என்று புள்ளிகள். கடைசிச் சுற்றில் அவை இருமடங்கு. கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஒரு முழுச் சுற்று முந்திவிட்டால் 20 புள்ளி ஒரேயடியாகக் கிடைக்கும்; ஒரு சுற்று பின்தங்கினால் 20 புள்ளி பறிபோகும்.

ஆகவே, ஆம்னியத்தில் வெல்ல வேகம் மட்டும் போதாது. மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே மனக்கணக்குப் போட வேண்டும். எனக்கு எத்தனை புள்ளி? அவருக்கு எத்தனை? அவர் இப்போது பாய்ந்தால் நான் துரத்த வேண்டுமா, அல்லது மற்றவர்கள் துரத்தட்டும் என்று விடலாமா? இந்தக் கணக்கில் தோமஸ் கெட்டிக்காரர். 2020ஆம் ஆண்டு பெர்லினில் மீண்டும் ஆம்னியத்தில் உலக வெற்றியாளரானார். 2021இல் ரூபே நகரில் புள்ளிப் பந்தயத்திலும், 2022இல் பாரிஸுக்கு அருகில் உள்ள சேன் குவாந்தான் இவ்லினில் டொனாவன் கிராண்டினுடன் மேடிசனிலும் உலகப் பட்டங்களை வென்றார்.

ஒலிம்பிக் மட்டும் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆம்னியத்தில் நான்காம் இடம். பதக்க மேடைக்கு ஒரே ஒரு படி கீழே! விளையாட்டுலகில் நான்காம் இடத்தைவிடக் கசப்பான இடம் வேறில்லை. சில நாளில் கிராண்டினுடன் சேர்ந்து மேடிசனில் வெண்கலம் வென்றது ஓரளவு ஆறுதல்.

சாலையில் அவருடைய கதை இன்னும் மேடுபள்ளம் நிறைந்தது. தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓடும் நேரப் பந்தயத்தில் 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் பிரான்சின் தேசிய வெற்றியாளராக விளங்கினார். 2022ஆம் ஆண்டில் பெசேஜ், மாயேன் ஆகிய பல நாள் பந்தயங்களில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றார். ஆனால், இவை எல்லாவற்றையும்விட அந்த ஆண்டு பிரான்சில் பேசப்பட்டது அவர் வெல்லாத ஒரு பந்தயம்தான்.

டூர் டி பிரான்ஸ், உலகின் மிகப் புகழ்பெற்ற சாலைப் பந்தயம். 2022இல் அதன் பாதை காலிபியே கணவாயை இரண்டு நாள் அடுத்தடுத்துக் கடந்தது. அக்கணவாயின் உயரம் 2,642 மீட்டர். லேடாங் மலையின் உச்சியைவிட இருமடங்குக்கும் மேல். ஆல்ப்ஸ் மலையில் இப்படிக் கால்கள் களைத்துப்போன பிறகு, ஜூலை 17ஆம் நாள் 15ஆவது கட்டம் ரோடேஸிலிருந்து கார்காசோன் வரை நடைபெற்றது. தொலைவு 202.5 கிலோமீட்டர். தங்காக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் தொலைவைவிட இது அதிகம். அதுவும் கொளுத்தும் வெயிலில். கார்காசோன், தோமஸ் பிறந்த லவோரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத நகரம். சொந்த மண்ணில், சொந்த மக்களின் முன்னால் வெல்லும் வாய்ப்பு.

சாலைப் பந்தயத்தில் பெரும்பாலோர் ஒரே கூட்டமாகச் செல்வார்கள். காரணம் காற்று. முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு எதிர்க்காற்று குறைந்து, உழைப்பும் வெகுவாகக் குறையும். நூற்றுக்கும் மேற்பட்டோர் முறைவைத்து முன்னால் வந்து காற்றைத் தாங்கும்போது, தனியாகப் பிரிந்து செல்பவர் எவ்வளவு வலியவராக இருந்தாலும் கூட்டத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். இது தெரிந்தும் தோமஸ் இறுதிக் கட்டத்தில் மற்றொரு பிரெஞ்சு வீரர் அலெக்சி கூழாருடன் கூட்டத்தை விட்டுப் பிரிந்தார். பிறகு கூழாரையும் பின்னால் விட்டுத் தனியாக விரைந்தார். பின்னால் கூட்டம் நெருங்கியது. நகருக்குள் நுழைந்துவிட்டார், வெற்றிக் கோடு எட்டும் தூரத்தில். ஏறத்தாழ 500 மீட்டர் எஞ்சியிருந்தபோது கூட்டம் அவரை விழுங்கியது. வெற்றி பெல்ஜியத்தின் யாஸ்பர் பிலிப்சனுக்குப் போனது.

500 மீட்டர் என்பது வெலோட்ரோமில் இரண்டே சுற்று. பலகையில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடிப் பழகியவருக்கு அந்த இரண்டு சுற்று சாலையில் கிடைக்காமல் போயிற்று. ‘இரண்டு களத்தில் ஓடுபவருக்கு இதுதான் கதி’ என்று சொல்ல விரும்பியவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது. அப்படிச் சொல்வது நியாயமன்று. அன்று அவரைப் பிடித்தது ஒருவரல்லர், வேக ஓட்டக்காரர்களைக் கொண்ட குழுக்கள் முழுவதும் சேர்ந்து துரத்தின. ஆயினும், முடிவுப் பட்டியலில் நியாயத்துக்கு இடமில்லை.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 2024ஆம் ஆண்டு மே 8ஆம் நாள். இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் ஐந்தாவது கட்டம். ஜெனோவாவிலிருந்து லூக்கா வரை. இம்முறையும் தோமஸ் கூட்டத்தை விட்டுப் பிரிந்து சென்றார். ஆனால் தனியாக அல்ல. டென்மார்க்கின் மைக்கேல் வால்கிரன், இத்தாலியின் ஆந்திரேயா பியெட்ரோபோன், பிரான்சின் என்சோ பலேனி ஆகியோருடன் சேர்ந்து நால்வராக. நால்வரும் முறைவைத்துக் காற்றைத் தாங்கினார்கள். பின்னால் வந்த கூட்டம் இவர்களை எப்படியும் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சற்று மெத்தனமாக இருந்துவிட்டது. கணக்கு தவறியது.

லூக்காவை நெருங்கியபோது நால்வரும் வெல்வார்கள் என்பது தெளிவாயிற்று. நால்வரில் யார் என்பதே கேள்வி. இங்கே சாலை ஒரு வெலோட்ரோமாக மாறியது என்று சொல்லலாம். சிலரே இருக்கும் பந்தயத்தில் யார் முதலில் பாய்கிறாரோ அவர் மற்றவர்களுக்குக் காற்றைத் தாங்கிக் கொடுப்பவராகிவிடுவார். தாமதித்தாலோ பாய்ந்தவர் தப்பிவிடுவார். கடைசிக் கிலோமீட்டரில் பியெட்ரோபோன் திடீரெனப் பாய்ந்தார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் வெற்றி அவருக்குத்தான். தோமஸ் பதறவுமில்லை, காத்துக் காத்து வாய்ப்பை இழக்கவுமில்லை. கோட்டுக்குச் சற்று முன்பாக இத்தாலியரை எட்டிப் பிடித்துத் தாண்டினார். வால்கிரன் இரண்டாவது, பியெட்ரோபோன் மூன்றாவது. கார்காசோனில் நழுவிய வெற்றி லூக்காவில் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது பலகையில் கற்ற கணக்கு.

அந்த வெற்றிக்குச் சரியாக மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டு 8ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆம்னியம் போட்டி. இடம் சேன் குவாந்தான் இவ்லின் வெலோட்ரோம். இரண்டாண்டுகளுக்கு முன்பு மேடிசனில் அவர் உலகப் பட்டம் வென்ற அதே பலகை. பிரெஞ்சு மக்கள் நிறைந்திருந்த அரங்கில், அவர் பெயர் அறிவிக்கப்படும்போதெல்லாம் கூரை அதிர்ந்தது. சாலையில் மாதக்கணக்காக ஓடிச் சேர்த்த தாங்கும் ஆற்றல் இந்தப் போட்டியில்தான் பயன்பட வேண்டும். நான்கு பந்தயம் கொண்ட நாளில் கடைசி 25 கிலோமீட்டரை ஓடும்போது, வெறும் வேக ஓட்டக்காரர்களின் கால்கள் கனத்துப் போகும். ஜீரோ போன்ற பந்தயத்தில் பழகிய கால்களுக்கு அது ஒரு நாள் உழைப்பின் சிறு பகுதிதான்.

புள்ளிப் பந்தயத்தில் தோமஸ் முன்னணியில் இருந்தார். அவரை நெருங்கித் தொடர்ந்தவர் போர்ச்சுகலின் இயூரி லெய்தாவோ. 2023ஆம் ஆண்டின் ஆம்னியம் உலக வெற்றியாளர். நூறு சுற்றில் ஏறத்தாழ 25 சுற்று எஞ்சியிருந்த வேளையில் தோமஸ் விழுந்தார். பலகையில் சறுக்கிக்கொண்டு போனார். கூச்சலில் அதிர்ந்துகொண்டிருந்த அரங்கம் ஒரு கணம் மூச்சடங்கியது.

வெலோட்ரோமில் விழுவது சாதாரணமானதன்று. 2011ஆம் ஆண்டு மான்செஸ்டரில் கெய்ரின் இறுதிச் சுற்றில் விழுந்த அசிசுல்ஹாஸ்னியின் கெண்டைக்காலில் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள பலகைச் சிராய் ஊடுருவியது. அந்தக் காலோடு அவர் எழுந்து சென்று மூன்றாவதாகக் கோட்டைக் கடந்ததை மலேசியாவில் பலர் அறிவர். தோமஸுக்கு அத்தகைய காயம் நேரவில்லை என்பது அவருடைய நற்பேறு. ஆனால் தோல் உரிந்த உடலோடு மீண்டும் சைக்கிளில் ஏற வேண்டும். ஏறிய அடுத்த நிமிடமே உச்ச வேகத்தை எட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறுந்துபோன கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். விழுந்தவர் சில சுற்றுகளுக்குப் பிறகு தமது பழைய இடத்தில் சேர்ந்துகொள்ள விதி இடமளிக்கிறது. புள்ளிகள் அப்படியே இருக்கும். நடுக்கத்தை மட்டும் எந்த விதியும் நீக்கித் தராது.

அவர் திரும்பி வந்தார். லெய்தாவோவின்மீது கண்ணை வைத்துக்கொண்டு மீதிச் சுற்றுகளை ஓடினார். முடிவில் தோமஸுக்கு 164 புள்ளி; லெய்தாவோவுக்கு 153; பெல்ஜியத்தின் பாபியோ வான் டென் போஷுக்கு 131. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே 11 புள்ளி. ஒரு சுற்று முந்தினால் 20 புள்ளி என்பதை நினைவில் கொண்டால், லெய்தாவோ ஒரே ஒரு முறை தப்பிச் சென்றிருந்தால் தங்கம் கை மாறியிருக்கக்கூடும் என்பது விளங்கும். கடைசி 25 சுற்றும் தோமஸ் எத்தகைய கயிற்றின்மேல் நடந்தார் என்பதற்கு அந்த 11 என்ற எண்ணே சாட்சி.

லெய்தாவோவும் வெறுங்கையோடு போகவில்லை. இரண்டு நாள் கழித்து ரூயி ஒலிவேராவுடன் மேடிசனில் தங்கம் வென்றார். அதே நாளில் அதே அரங்கில் அசிசுல்ஹாஸ்னி கெய்ரின் முதல் சுற்றிலேயே, வழிநடத்தும் மோட்டார் வண்டியை உரிய நேரத்துக்கு முன்பே முந்தியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஒரே மரப்பலகை ஒரே வாரத்தில் ஒருவரை எழுப்பியது. மற்றொருவரைத் திருப்பி அனுப்பியது.

பிரான்சில் சாலை, பலகை இரண்டிலும் வென்றவர்கள் தோமஸுக்கு முன்பும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் தலைசிறந்தவர் சானி லோங்கோ என்னும் வீராங்கனை. 1984 முதல் 2008 வரை ஏழு ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். 1996இல் அட்லாண்டாவில் சாலைப் பந்தயத் தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 37. சாலையிலும் பலகையிலுமாக அவர் பெற்ற உலகப் பட்டங்கள் 13. ஒரு நாட்டின் சைக்கிளோட்ட மரபில் இத்தகையவர் ஒருவர் இருந்தால், பின்னால் வரும் இளையோருக்கு இரண்டு களமும் இயல்பாகத் தோன்றிவிடும். மலேசியாவிலும் இரண்டுக்கும் வித்துகள் உண்டு. 1978ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இங் ஜூ ஙான் சாலைப் பந்தயத் தங்கத்தை வென்றார். 1996 முதல் லங்காவி சைக்கிளோட்டப் போட்டி உலகக் குழுக்களை நம் சாலைகளுக்கு அழைத்து வருகிறது. நீலாயில் பலகையும் காத்திருக்கிறது.

ஒலிம்பிக் தங்கத்துக்குப் பிறகும் தோமஸ் சாலையை விடவில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் டூர் டி பிரான்சின் முதல் கட்டம் லில் நகரைச் சுற்றி நடைபெற்றது. கசேல் என்னும் குன்றின் உச்சியில் மலையேற்றப் புள்ளி ஒன்று காத்திருந்தது. கல் பதித்த அந்தக் குறுகிய பாதையில் அவரும் மத்தேயோ வெர்ஷேயும் போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்கள். கோட்டைத் தொட்ட வேகத்தில் தோமஸின் சக்கரம் வழுக்கியது. விழுந்தவர் வெர்ஷேயையும் சேர்த்து வீழ்த்திவிட்டார். ஆனால் புள்ளி அவருக்கே. அன்று மாலை, மலையேற்றத்தில் முன்னணி வகிப்பவருக்கு வழங்கப்படும் சிவப்புப் புள்ளிகள் போட்ட வெள்ளைச் சட்டையை அணிந்து மேடையில் நின்றார், பலகையில் உலகை வென்ற அந்தச் சாலை வீரர்.